மகள் கடலுக்குள் இறங்கக் கேட்கிறாள்

சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

"அக்கா, எனக்கு ஒரே மகள். வயது இருபத்திரண்டு. பினாங்கில் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்யும் மூன்று பெண்களோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய், முதுகில் தோம்பைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தப் பழகப் போகிறாளாம். பணம் அவள் சம்பாதித்தது. நான் தடுத்தால் அழுவாள். தடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவள் அப்பா கேள்விப்பட்ட நாளிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டார். அவருடைய தம்பி சின்ன வயதில் ஈயக்குட்டையில் போய்விட்டவர். அனுப்பலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய சங்கதியாக இருந்தால் சொல்லியிருப்பேன், சகோதரி. இந்த மாதிரிக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. நம் பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், ஊர் சுற்றுகிறார்கள், கைப்பேசியில் ஆமையையும் மீனையும் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். ஆகவே இந்தத் தடவை பக்கம் முழுவதையும் உங்கள் கடிதத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் அந்தத் தகப்பனாரைப் பற்றி. அவர் பேசாமல் இருப்பதை யாரும் பழமைவாதம் என்று சொல்லிவிட வேண்டாம். தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பள்ளி விட்டதும் பையன்கள் ஆற்றுக்கு ஓடுவார்கள். இல்லாவிட்டால் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைக்கு ஓடுவார்கள். அந்தக் குட்டைகளின் கரை, ஆற்றங்கரை போலச் சரிந்து இறங்குவதில்லை. இரண்டு எட்டு வைத்தால் முழங்கால். மூன்றாவது எட்டில் ஆளே இல்லை. கரையில் நிற்பவனுக்கும் நீந்தத் தெரியாது. ஒருவனைப் பிடிக்கப் போய் இருவர் போன கதைகள் எத்தனை! அதனால்தான் "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்பது நம் வீடுகளில் சட்டமாகவே ஆகிவிட்டது.

அந்தச் சட்டம் பல உயிர்களைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே சட்டம் நம் பிள்ளைகளை நீந்தத் தெரியாதவர்களாகவும் வளர்த்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். நம்மவர்கள் முழு உடையோடு கணுக்கால் நனைய நின்றுகொண்டு, ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் நாசி லெமாக் பொட்டலத்தையும் பிடித்திருப்பார்கள். அலை கொஞ்சம் பெரிதாக வந்தால் மொத்தக் குடும்பமும் கரைக்கு ஓடும்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: மகளுக்கு நீந்தத் தெரியுமா?

ஸ்கூபா படிப்பவர்கள் நிற்காமல் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். முகக் கண்ணாடி, மூச்சுக் குழல், துடுப்புக் காலணி ஆகியவற்றை அணிந்துகொண்டால் 300 மீட்டர். பிறகு எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நீச்சலில் வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. தவளை போல மெல்ல மெல்லப் போனாலும் சரிதான். இது ஒப்புக்கு வைத்த விதி இல்லை. கருவி கைவிட்ட நேரத்தில் ஒரு மனிதர் பதறாமல் தண்ணீரின் மேல் கிடக்க முடியுமா என்பதைத்தான் இதில் பார்க்கிறார்கள். "நீந்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அட்டை வாங்கித் தருகிறோம்" என்று எவராவது சொன்னால், அந்த இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கென்று ஒரு நாள் அறிமுகம் தனியாக உண்டு. ஆசிரியர் கையெட்டும் தூரத்திலேயே இருந்து கொஞ்ச ஆழம் காட்டி அழைத்து வருவார். அது வேறு, படிப்பு வேறு.

சரி, அந்தப் படிப்பில் என்னதான் நடக்கிறது? இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகள் அதே பெர்ஹெந்தியானில் படித்தபோது துணைக்குப் போயிருந்தேன். நான்கு நாளும் கரையிலும் படகிலுமாக உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

கோலாலம்பூரில் இரவு பஸ் ஏறினால் காலையில் கோல பெசுட் படகுத் துறை. அங்கிருந்து விசைப்படகில் அரை மணிக்குக் கொஞ்சம் மேல். திரங்கானு மாநிலத்தைச் சேர்ந்த பெரியது, சிறியது என்று இரண்டு தீவுகள். பஸ் நிற்குமிடத்துக்கு மலாயில் என்ன பெயரோ அதுதான் இந்தத் தீவுகளுக்கும் பெயர். அந்தக் காலத்து வணிகர்கள் வழியில் தங்கிப்போன இடமாம். தீவுக்குள் கார் இல்லை. ஒரு கடற்கரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படகுதான் டாக்சி. சிறிய தீவில் ஒரு மீனவக் கம்பம் இருக்கிறது. சுற்றியுள்ள கடல் கடல்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே மீன் பிடிக்கக் கூடாது, பவளத்தை ஒடிக்கக் கூடாது.

முதல் நாள் பாடம். அநேகமாக எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே படித்துவிட்டு வரலாம். கடைசியில் எழுத்துத் தேர்வு உண்டு. பாடம் முடிந்ததும் நெஞ்சளவுத் தண்ணீர். அங்கே மண்டியிட்டு, வாயில் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு மூச்சு விடப் பழக வேண்டும். முதல் மூச்சுக்கு மனசு ஒப்பாது என்று பிள்ளை சொன்னாள். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை இழுக்காதே என்று உடம்பு பிறந்ததிலிருந்து படித்திருக்கிறதே!

அடுத்து, முகக் கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கு வழியாக ஊதி அதை வெளியேற்ற வேண்டும். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எங்கள் பிள்ளை மூன்று தடவை இருமிக்கொண்டு எழுந்தாள். ஆசிரியர் ஒரு கிளந்தான்காரத் தம்பி. திட்டவில்லை, சிரிக்கவில்லை. "பெலான், பெலான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மண்டியிட்டார். நான்காவது தடவை வந்துவிட்டது. பிறகு வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவினால் கையை வீசித் தேடி எடுப்பது, காற்று தீர்ந்தால் தோழியிடம் உள்ள உபரி ரெகுலேட்டரை வாங்கிக்கொள்வது, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அந்தரத்தில் நிற்பது. இப்படி ஆழமில்லாத தண்ணீரில் ஐந்து பாடம். பிறகு கடலில் நான்கு முறை இறக்கம். தேறியவர்களுக்கு 18 மீட்டர் வரை இறங்க அனுமதி அட்டை கிடைக்கும்.

அந்தத் தோம்பைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே ஆக்சிஜன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, நாம் மூச்சு விடும் அதே காற்றை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும் தோம்புக்குள் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் காற்று. அதை வேண்டும்போது மட்டும், வேண்டிய அழுத்தத்தில் வாய்க்குத் தரும் கருவியைப் பிரான்ஸ் நாட்டில் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும் 1943இல் உருவாக்கினார்கள். அதற்கு முன் தலையில் செப்புக் கவசமும் மேலிருந்து வரும் குழாயுமாகத்தான் பெரும்பாலும் கடலடியில் வேலை நடந்தது.

இந்தப் படிப்பில் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. மூச்சை அடக்கவே கூடாது.

கடலில் மூழ்குவது என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது முத்துக்குளிப்பு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்கினார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும், தன் தங்கை தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான் என்று சொல்வார்கள். அவர்களுக்கு மூச்சை அடக்குவதுதான் தொழிலே. அப்படியிருக்க இங்கே ஏன் அடக்கக் கூடாது?

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரு மடங்கு. முத்துக் குளிப்பவர் கரையின் காற்றை நெஞ்சில் நிறைத்துக்கொண்டு போகிறார். ஆழத்தில் அது சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கு விரியும். அவ்வளவுதான். தோம்பு கட்டியவர் ஆழத்திலேயே, அந்த அழுத்தத்திலேயே காற்றை இழுக்கிறார். பத்து மீட்டரில் நெஞ்சில் நான்கு லிட்டர் காற்றை நிரப்பி, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், கரையில் அது எட்டு லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் என்ன, ரப்பர் பலூனா? கிழிந்து போகும். இது ஆழ்கடலில்தான் நடக்கும் என்பதில்லை. நீச்சல் குளத்து ஆழம்கூடப் போதும். ஆகவே எப்போதும் இழு, விடு, இழு, விடு. ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்தில்கூட "ஆ..." என்று மெல்லச் சத்தம் கொடுத்துக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காற்றே இல்லாமல் மேலே வருவதற்கான ஒத்திகையும் அந்த "ஆ..." சத்தத்தோடுதான் நடக்கிறது. பயந்தவன் முதலில் செய்வது மூச்சைப் பிடிப்பது. அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இத்தனை நாள் பாடம். நான் பார்த்த வரையில் இது வீரதீரச் செயலாகத் தெரியவில்லை. பாலர் பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையாக உட்கார்ந்து, சொன்னதைச் சொன்னபடி செய்யும் கட்டொழுங்கு. துடுக்கான பையன்களைவிட அமைதியான பெண்களுக்குத் தோம்புக் காற்று அதிக நேரம் வந்தது. பதறுகிறவர்கள் அதை மளமளவென்று குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

அடுத்தது காது. கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ பஸ்ஸில் போகும்போது காது அடைக்கும் அல்லவா? அதேதான், ஆனால் இங்கே பல மடங்கு வேகம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் காதுக்குள் ஒரு சத்தம் கேட்டு அடைப்பு விடும். ஒவ்வொரு மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே, அப்படிச் செய்துகொண்டு இறங்க வேண்டும். விடவில்லையென்றால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். தோழிகள் காத்திருக்கிறார்களே என்று வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியும். சளி பிடித்திருந்தால் அன்று கடல் இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். மாத்திரையின் வேகம் கடலுக்கடியில் தீர்ந்துபோனால் உள்ளே அடைபட்ட காற்றுக்கு வெளியே வர வழியிருக்காது.

கரையில் உட்கார்ந்திருந்தவளை மூன்றாம் நாள் அந்தக் கிளந்தான் தம்பி விடவில்லை. எனக்கு மருத்துவச் சான்று கைவசம் இருந்தது, நீச்சலும் தெரியும். சரி என்று ஒரு நாள் அறிமுகத்துக்கு இறங்கினேன். கரையில் அந்த மூட்டையோடு நடக்க முடியவில்லை. தண்ணீருக்குள் போனதும் கனமே இல்லை. கேட்பது சொந்த மூச்சின் சத்தம் மட்டும். உள்ளே இழுக்கும்போது ஒரு சீறல், விடும்போது குமிழி கொப்பளிக்கும் சத்தம். எட்டு ஒன்பது மீட்டர் போனதும் என் மணிக்கட்டைப் பார்த்தேன். கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு கறுப்பாகத் தெரிந்தது. கடல்நீர் சூரிய ஒளியில் முதலில் விழுங்குவது சிவப்பைத்தானாம். தம்பி கைவிளக்கை அடித்தார். கயிறு மறுபடியும் குங்குமமாகப் பளிச்சிட்டது.

புல் மேயும் ஆமை ஒன்றைப் பார்த்தேன். மாடு மேய்வது போல, யாரையும் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் அதன் அளவை இங்கே எழுதப் போவதில்லை. சந்தோஷத்தில் தம்பிக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவர் உடனே என்னை மேலே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்! கடலுக்கடியில் கட்டை விரலை உயர்த்தினால் "மேலே போவோம்" என்று பொருள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். அரை மணி முன்னால்தான் கரையில் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆமையைப் பார்த்ததும் எல்லாம் பறந்துவிட்டது.

சுறா பயம் பலருக்கு உண்டு. அங்கே பார்க்கக் கிடைப்பது பவளப்பாறை ஓரத்துச் சிறிய வகைச் சுறாக்கள். மனிதரைக் கண்டால் அவைதான் ஓடுகின்றன. நான் கண்டவரையில் பழகியவர்கள் ஒதுங்கிப் போவது வேறொன்றைப் பார்த்து. கிளாத்தி வகையில் பெரிய மீன் ஒன்று, முட்டையிட்டிருக்கும் காலத்தில் கூட்டுக்கு மேலே உள்ள தண்ணீர் முழுவதையும் தன் சொத்தாக நினைத்துத் துரத்திக் கடிக்கும். மேல்நோக்கித் தப்பப் பார்த்தால் விடாது. பக்கவாட்டில் விலகிப் போய்விட வேண்டும்.

இனி, ஒரு தாய்க்குத் தெரிய வேண்டிய ஆபத்துகள்.

அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மெல்ல மேலே வந்தால் மெல்ல வெளியேறிவிடும். வேகமாக வந்தால், குலுக்கிய சோடாப் போத்தலைத் திறந்தது போல உடம்புக்குள்ளேயே குமிழி கிளம்பும். மூட்டு வலி, மரத்துப்போதல், மோசமானால் கை கால் விழுந்துவிடுதல். அதனால்தான் ஏறும்போது அவசரப்படாமல், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டு வருகிறார்கள். இந்தக் கோளாறு வந்துவிட்டால் அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை தர வேண்டும். அப்படி ஓர் அறை லூமுட் ராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. பெர்ஹெந்தியானிலிருந்து அது நாட்டின் மறு கரை.

பலமுறை இறங்கியவர்கள் 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது என்பது விதி. ஒரே ஒரு முறை என்றால் 12 மணி நேரம். "நாங்கள் காரில்தானே போகிறோம்" என்பீர்கள். பேராக், பினாங்கு பக்கத்துக்காரர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். பெசுட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழி ஜெலி, கிரிக் வழியாகப் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை. அது ஆயிரம் மீட்டர் அளவுக்கு மலையேறி இறங்குகிறது. காலையில் கடலுக்குள் இறங்கிவிட்டு மத்தியானமே அந்த மலையில் ஏறினால், அதுவும் விமானம் ஏறியதைப் போலத்தான். கடைசி இறக்கத்துக்குப் பிறகு ஓர் இரவு தீவிலோ பெசுட்டிலோ தங்கச் சொல்லுங்கள். ஒரு நாள் விடுப்பு அதிகம் எடுக்க வேண்டியிருக்கும், எடுக்கட்டும்.

அடுத்து, படகு. 2022 ஏப்ரல் 6ஆம் நாள் ஜொகூர் மெர்சிங் கடலில், தோகோங் சாங்கோல் என்ற பாறைத் தீவு அருகே, ஆசிரியை ஒருவரும் மூன்று பேரும் பயிற்சிக்காக இறங்கினார்கள். நால்வரும் வெளிநாட்டவர்கள். முறைப்படி இறங்கி, முறைப்படி மேலே வந்தார்கள். வந்து பார்த்தால் படகு அருகில் இல்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துக்கொண்டு போயிற்று. ஆசிரியை மறுநாள் மீட்கப்பட்டார். மற்ற இருவர் ஏப்ரல் 9ஆம் நாள்தான் உயிரோடு கிடைத்தார்கள். அவர்களில் ஒருவருடைய பதினான்கு வயது மகன் கடலிலேயே இறந்துபோனான். படகோட்டியைப் போலீஸ் தடுத்து வைத்தது. அந்தப் பக்கம் முக்குளிப்பைச் சில காலம் நிறுத்தியும் வைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு "அனுப்பவே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பணம் கட்டுமுன் மகள் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதினேன். நாங்கள் கீழே இருக்கும்போது படகில் யார் இருப்பார்? குமிழியைக் கவனித்துக்கொண்டே இருப்பாரா, தூண்டில் போட்டுக்கொண்டிருப்பாரா? மேலே வரும்போது ஊதிப் பிடிக்கும் ஆரஞ்சு நிற மிதவையும் விசிலும் எங்களிடம் இருக்குமா? கடலில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? எட்டுக்கு மேல் கூடாது என்பது விதி. என்னைக் கேட்டால் நான்கே போதும். முதலுதவி ஆக்சிஜன் எங்கே வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்றும் கேட்கட்டும். நல்ல இடத்தில் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள். எங்கள் பிள்ளை முதலில் விசாரித்த ஒரு கடையில் இந்தக் கேள்விகளைக் கேட்டதும், "நீங்கள் டாக்டரா, போலீசா?" என்று கிண்டல் செய்தார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள். மொத்தப் படிப்புக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும். நூறு வெள்ளி குறைகிறது என்பதற்காக மட்டும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள். அதில் ஒரு வரிகூடப் பொய் எழுதக் கூடாது. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவை, நீரிழிவு எதுவாக இருந்தாலும் "ஆம்" என்று எழுதிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம். "மாத்திரையில் அடங்கித்தானே இருக்கிறது" என்று மறைக்கும் வழக்கமும் அதிகம். கரையில் மயங்கினால் யாராவது தாங்குவார்கள். கடலுக்கடியில் அது வேறு கதை. கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. மாதவிலக்கு நாட்களில் இறங்கலாமா என்று கேட்கத் தயங்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்: உடம்புக்கு முடிந்தால் இறங்கலாம், தடையில்லை. உடையைப் பற்றியும் கவலை வேண்டாம். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் ரப்பர் உடை இருக்கிறது. பவளக் கீறலுக்கும் ஜெல்லிமீனுக்கும் அதுதான் நல்லதுகூட. மீசைக்காரர்களுக்குத்தான் தொல்லை. முகக் கண்ணாடிக்கும் உதட்டுக்கும் நடுவில் மீசை புகுந்துகொண்டு தண்ணீரைக் கசிய விடும். ஒன்று வாசலின் தடவ வேண்டும். இல்லாவிட்டால் கத்தரிக்க வேண்டும். எங்களோடு படித்த ஒரு தம்பி இரண்டாம் நாள் காலையில் வழுவழுவென்று வந்து நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

காலம் முக்கியம். கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை நவம்பர் வாக்கில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீடிக்கும். கடல் கொந்தளிக்கும், தீவுகளில் அநேகமாக எல்லாம் மூடிக் கிடக்கும். நம்மவர்களுக்குத் தீபாவளி விடுமுறை வருவதோ அந்த மழை தொடங்கும் நேரத்தில். "தீபாவளிக்குக் கிடைக்கும் நாட்களைச் சேர்த்துப் போய்விட்டு வருகிறேன்" என்று மகள் திட்டமிட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மார்ச்சுக்குப் பிறகு, ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை நல்ல காலம். இடையில் உள்ள மாதங்களில் நீச்சல் படிக்கட்டும். பல பட்டணங்களில் நகராண்மைக் கழகத்து நீச்சல் குளம் இருக்கிறது. வாரம் இரண்டு மாலை போனால் சில மாதங்களில் அந்த 200 மீட்டர் வந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், சகோதரி. மகளுக்கு நீச்சல் வந்து, மருத்துவர் சரி என்று சொல்லி, மேலே எழுதிய கேள்விகளுக்கெல்லாம் அவளே விடை வாங்கிக்கொண்டு வந்தால், அனுப்புங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆண்டு போகட்டும். தீவு எங்கேயும் ஓடிப் போகாது. மூன்று தோழிகளோடு போகிறாள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தக் கலையில் எவரும் தனியாக இறங்குவதில்லை. இரண்டிரண்டு பேராக இறங்கி, ஒருவர் கருவியை ஒருவர் சோதித்து, ஒருவர் காற்றை ஒருவர் விசாரித்துக்கொண்டே போகிறார்கள்.

அவள் அப்பாவிடம் இந்த இதழைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். அதைவிட, மகள் நீச்சல் பழகும் குளத்துக்கு ஒரு மாலை அவரை அழைத்துப் போங்கள். பேச வேண்டாம், கரையில் உட்கார்ந்திருக்கட்டும். தம்பியைத் தண்ணீருக்குக் கொடுத்தவருக்கு, தன் பிள்ளை பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதப்பதைப் பார்ப்பது என்னவாக இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவருக்கே தண்ணீரில் இறங்க ஆசை வந்தாலும் தடுக்காதீர்கள். நீச்சலுக்கு வயது வரம்பு கிடையாது.

கடிதத்தின் ஓரத்தில் பாட்டி கேட்டதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நகை போட்டுக்கொண்டு போகலாமா?" சங்கிலி, வளையல் எதுவும் வேண்டாம். முக்கியமாக மூக்குத்தி. காது அடைப்பு விடுவதற்காக நிமிடத்துக்கு நாலு தடவை மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். குத்திக் குத்திப் புண்ணாகிவிடும். கழற்றிப் பாட்டியின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.